குழந்தையின் தாளில் இல்லாத கோடு

கருணாகரன் தன் மனைவியை வீட்டைவிட்டு அனுப்பினான் என்று சொல்வது முழு உண்மையாகாது. ஆஸ்பத்திரியில் கண்டதை அவன் வீட்டுக்கு வந்து சொன்னான், அவ்வளவுதான். "என் தாள்ல ஒரு கோடு. அவ தாள்ல ரெண்டு." எஞ்சியதையெல்லாம் அவனுடைய தாய்மாமன் கலியாணசுந்தரம் செய்து முடித்தார்.

அது 1966ஆம் ஆண்டு, ஜூன் மாதம். மகள் கோகிலாவுக்கு மூன்று வயது. பிறந்த ஆறாம் மாதத்திலிருந்தே வெளுத்துக்கொண்டு வந்தவள், அந்த மாதம் நாலடி நடந்தால் உட்கார்ந்துவிடும் நிலைக்கு வந்திருந்தாள். இடப்பக்க விலாவுக்குக் கீழே வயிறு பலகைபோல் தடித்திருந்தது. மலாக்காப் பெரியாஸ்பத்திரியில் அவளுக்கு இரத்தம் ஏற்றினார்கள். ஏற்றுவதற்கு முன்பு பரிசோதனைக்கூடத்தில் தாய், தந்தை, குழந்தை மூவரிடமிருந்தும் சிறிது இரத்தம் எடுத்தார்கள். நனைத்த தாளின் ஓரத்தில் அந்த இரத்தச் சாற்றை வைத்து மின்சாரம் செலுத்தினால், அது செம்பழுப்புக் கோடாக நகரும். தாயின் தாளில் அது இரண்டாகப் பிரிந்தது. தந்தையின் தாளில் ஒன்றாகவே நின்றது.

மலாக்காவின் தெங்கேராப் பகுதியில் மளிகைக்கடை வைத்திருந்த கலியாணசுந்தரத்துக்கு இரத்தத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. வம்சத்தைப் பற்றி எல்லாம் தெரியும். இருபது ஆண்டுகளாக அவர் விசாரிக்காமல் அந்த வட்டாரத்தில் ஒரு திருமணமும் நடந்ததில்லை. அப்படி நடந்த ஒரே திருமணம் அவருடைய தங்கை மகன் கருணாகரனுடையது. அவன் காஜா பெராங்கில் செட்டிகள் குடியிருப்பில் பிறந்த மீனாச்சியைக் கட்டிக்கொண்டான். மலாக்காச் செட்டிகளின் முன்னோர் எப்போதோ வணிகத்துக்கு வந்து, இந்த மண்ணின் பெண்களை மணந்து, இங்கேயே தங்கிவிட்டவர்கள். அவர்கள் கும்பிடும் சாமி தமிழ்ச்சாமி. வீட்டில் பேசும் பேச்சு மலாய். மீனாச்சி தமிழைத் திருமணத்துக்குப் பிறகுதான் முறையாகப் பேசக் கற்றாள்.

ஒரு கோடு என்றால் ஒரே வம்சம்; இரண்டு கோடு என்றால் கலப்பு. கலியாணசுந்தரம் தாளை அப்படித்தான் படித்தார். அவர் படித்தபடியே தெங்கேரா முழுவதும் படித்தது. மீனாச்சி குழந்தையோடு காஜா பெராங்கில் தாய்வீட்டில் போய் இருக்கட்டும் என்றார்கள். அவள் போன எட்டாம் நாள் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தெங்கேரா வீட்டில் உறவினர் கூடுகிறார்கள், அவளும் வரவேண்டும். மாமன் தன் மகள் ஜெயாவைக் கருணாகரனுக்குக் கொடுப்பதாக இருக்கிறார். முறைப்பெண்தானே, யாருக்கும் மனத்தாங்கல் இருக்கக்கூடாது, மீனாச்சி எல்லார் முன்னிலையிலும் சரியென்று சொல்லிவிட வேண்டும்.

மீனாச்சி அன்று ஒரு காலணிக்கு மணி தைத்துக்கொண்டிருந்தாள். கசகசா அளவுள்ள கண்ணாடி மணிகளை, கட்டம் போட்ட தாளில் உள்ள கோலத்தைப் பார்த்து, ஒவ்வொன்றாக ஊசியில் எடுத்துத் தைக்கும் வேலை. செய்தியைக் கேட்டு முடித்துவிட்டு அந்த வரிசையையும் தைத்து முடித்தாள். பிறகு ஊசியைச் சட்டத்தில் குத்திவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள்.

பரிசோதனைக்கூடத்தில் இருந்தவள் ருக்மணி. புக்கிட் ரம்பாயிலிருந்து சைக்கிளில் வந்து போகிறவள். மீனாச்சியைவிட இரண்டொரு வயது மூத்தவளாக இருக்கலாம்.

"மிஸ்ஸி," என்றாள் மீனாச்சி, நர்ஸ் என்று எண்ணி, சன்னலுக்கு வெளியே நின்று.

"மிஸ்ஸிங்க எல்லாம் வார்டுல இருக்காங்க. நான் வெறும் ருக்மணி. என்ன வேணும்?"

"எனக்கு ரெண்டு கோடு இருக்குன்னு சொல்றாங்க. ரெண்டு கோடுன்னா என்னா?"

ருக்மணி அவளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தாள். "உட்காருங்க. அஞ்சு நிமிஷத்துல சொல்ல முடியாது. கையில என்ன கறை?"

"மணி தைக்கிற பசை."

"மணி தைப்பீங்களா? அப்ப அஞ்சு நிமிஷத்துல சொல்லிடலாம்."

அவள் சொன்னது மீனாச்சிக்குக் கதைபோலத் தோன்றவில்லை. வேலை சொல்லிக்கொடுப்பதுபோல் இருந்தது. உடம்பின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் பூட்டிவைத்த மூலக்கோலம் ஒன்று உண்டு. அதன் பெயர் டி.என்.ஏ. மூலம் வெளியே போகாது. வேண்டிய பகுதிக்கு மட்டும் ஒரு நகல் எடுக்கப்பட்டு, நகல்தான் வேலை நடக்கும் இடத்துக்குப் போகும். அங்கே நகலை மூன்று மூன்று எழுத்தாகப் படிப்பார்கள். மூன்று எழுத்துக்கு ஒரு மணி. அந்த மணிகளுக்கு அமினோ அமிலம் என்று பெயர். இருபது நிறங்களில் உண்டு. எழுதிய வரிசைப்படி கோத்து முடித்தால் சரம். அந்தச் சரம் தானே சுருண்டு மடிந்தால் புரதம். இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினும் அப்படிக் கோத்த சரங்கள்தாம்.

"மணியை யாரு எடுத்துக் கொடுக்கிறது?" என்று கேட்டாள் மீனாச்சி.

ருக்மணி சற்று நிமிர்ந்தாள். "டாக்டருங்ககூட இதைக் கேட்டதில்ல. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியா ஆள் இருக்கு. சிவப்பைத் தூக்குறவனுக்குச் சிவப்போட மூணெழுத்து மட்டுந்தான் தெரியும். அது வந்தா ஓடிவந்து கொடுப்பான். மத்த நேரம் சும்மா நிப்பான்."

"கட்டத்துல தப்பா எழுதியிருந்தா? கோக்கிறவனுக்குத் தெரியாதா?"

"தெரியாது. எழுதியிருக்கிறபடி கோப்பான். கோக்கிறவன் மேல தப்பே இல்ல."

"எனக்கு எங்க தப்பு?"

"இந்தச் சரத்துல நூத்து நாப்பத்தாறு மணி. உங்களுக்கு இருபத்தாறாவது மணி வேற. எழுத்து ஒண்ணே ஒண்ணு மாறியிருக்கு. அதனால வேற நிறம் வந்து உட்கார்ந்திருச்சு. எந்த மூணெழுத்துக்கு எந்த மணிங்கிற பட்டியலே இப்பத்தான், ஒண்ணு ரெண்டு வருஷத்துல முடிஞ்சது. சரியான மணி இருந்தா சரம் மின்சாரத்துல வேகமா ஓடும். இந்த மணி பின்னால இழுக்கும். அதான் மெதுவான கோடு."

"அப்ப என்னாலதான்." மீனாச்சி அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

"உங்களுக்கு என்ன நோவு? மயக்கம் வருதா? நடந்தா மூச்சு வாங்குதா?"

"இல்ல. காஜா பெராங்குலேருந்து நடந்துதான் வந்தேன்."

"அதைத்தான் சொல்றேன். எல்லாருக்கும் கோலம் ரெண்டு பிரதி. ஒண்ணு அம்மா கொடுத்தது, ஒண்ணு அப்பா கொடுத்தது. உங்களுக்கு ஒரு பிரதியில தப்பு, இன்னொண்ணு சரி. அதுதான் ரெண்டு கோடு. சரியானது தன் வேலையைச் செய்யுது, நீங்க நல்லாயிருக்கீங்க. இந்த ஊர்ல மலாய்க்காரங்கள்ல எத்தனையோ பேருக்கு இதே கோடு. மீன் பிடிக்கிறாங்க, பந்து விளையாடுறாங்க." அவள் எழுந்து இழுப்பறையைத் திறந்தாள். "உங்க வீட்டுக்காரர் தாளைக் காட்ட மாட்டேன், அது அவரோடது. உங்க பொண்ணு தாளைக் காட்டலாம். நீங்க அம்மா."

அட்டையில் ஒட்டிய தாளில் பின்னால் தங்கிய கோடு ஒன்று கெட்டியாக இருந்தது. முன்னால் ஓர் அகலமான கறை.

"பின்னால இருக்கிறது நீங்க கொடுத்தது. முன்னால இருக்கிறது வயித்துல இருக்கிறப்ப ஓடுற இரத்தம். பொறந்து ஒரு வருஷத்துல போயிருக்கணும். அதுதானான்னு, மத்த இரத்தத்தைக் கெடுக்கிற சோடாக்காரத்தை ஊத்திப் பார்த்தேன், இது கெடாம நின்னுச்சு. இப்ப நீங்க சொல்லுங்க. மணி தைக்கிறவங்க. இந்தத் தாள்ல என்ன குறையுது?"

மீனாச்சி வெகுநேரம் பார்த்தாள். வரிசையில் விட்டுப்போன மணியைத் தேடும் கண் அவளுக்கு இருந்தது. அது இங்கேயும் கண்டுபிடித்தது.

"அவர் கோடு," என்றாள்.

"அவரு நல்ல பிரதியைக் கொடுத்திருந்தா வேகமா ஓடுற கோடு இதுல இருந்தே ஆகணும். அவர் கொடுத்த பிரதியில சரமே கோக்கல. ஏன் கோக்கலன்னு இன்னும் யாருக்கும் தெரியாது. கோக்கலங்கிறது மட்டும் தெரியும். அவருக்கு இன்னொரு பிரதி நல்லது. அதனால ஒரே கோடு, பார்க்க அழகா இருக்கும். அதைப் பார்த்ததும் அவரு கிளம்பிட்டாரு. இன்னும் அளக்கணும், உட்காருங்கன்னு சொன்னேன். திரும்பி வரல."

"இந்த அட்டையை எனக்குக் கொடுப்பீங்களா?"

"ஞாயித்துக்கிழமைக்குத்தானே? திங்கக்கிழமை திரும்பக் கொண்டுவந்திடணும்." ஞாயிற்றுக்கிழமை பற்றி மீனாச்சி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. "மலாக்கா சின்ன ஊரு," என்றாள் ருக்மணி.

கதவருகே போய்த் திரும்பினாள் மீனாச்சி. "புள்ளைக்கு நல்லாயிடுமா?"

"ஆகாது. இரத்தம் ஏத்தினா தாங்குவா. எத்தனை வருஷம்னு கேக்காதீங்க. எனக்குத் தெரியாததைச் சொல்ல மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை தெங்கேரா வீட்டுக் கூடத்தில் எட்டு வீட்டு மனிதர்கள் இருந்தார்கள். மீனாச்சி எண்ணிக்கொண்டாள். கருணாகரன் சுவரோரம் நாற்காலியில், தன் கால்விரல்களைப் பார்த்தபடி இருந்தான். அவன் தாய் பாக்கியலட்சுமி வெற்றிலைத் தட்டை யாருக்கும் நீட்டாமல் மடியில் வைத்திருந்தாள். பயிற்சி ஆசிரியையான ஜெயா அடுக்களை வாசலில் நின்றாள். அன்று தன்னைப் பற்றித்தான் பேச்சு என்பதால் அவளைக் கூடத்துக்குள் அழைக்கவில்லை.

கலியாணசுந்தரம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "யாரையும் குத்தம் சொல்ல நாம கூடல. பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா டாக்டர் தாளே சொல்லிடுச்சு. நம்ம பையனுக்கு ஒரு கோடு, சுத்தம். அந்தப் பக்கம் ரெண்டு கோடு. எந்தக் கலப்புல வந்துச்சோ, யாரு கண்டா? புள்ளைக்கு இறங்கிடுச்சு. வம்சம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"மாமா," என்றாள் மீனாச்சி. குழந்தையைத் தன் தாயின் மடியில் விட்டுவிட்டு எழுந்தாள். "எங்க வீட்டுல வருஷம் ரெண்டு தடவ முன்னோருக்கு இலை போட்டுப் படைக்கிறோம். செத்துப்போன எல்லாருக்கும். எந்த இலையை எடுத்துடணும்னு சொல்லுங்க. எடுத்துடுறேன்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. "நான் அப்படிச் சொல்லலம்மா."

"அப்படித்தான் சொன்னீங்க." அவள் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு மணிச்சரத்தை எடுத்தாள்.

"மணிக்கடை வைக்க வந்திருக்கியா?" என்றார் அவர். இரண்டொருவர் சிரித்தார்கள்.

"ஆமா. வாங்கவேணாம், எண்ணிப் பாருங்க. போதும்."

அவர் கையை நீட்டவில்லை. சரம் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுக்களை வாசலிலிருந்து ஜெயா வந்து அதை வாங்கினாள். பள்ளிப் பிள்ளைகளுக்கு எண்ணிக்காட்டுவதுபோல் விரலால் தள்ளித்தள்ளி எண்ணினாள். "இருபத்தஞ்சு வெள்ளை. இருபத்தாறாவது சிவப்பு. அப்புறம் எல்லாம் வெள்ளை."

"அந்தச் சிவப்புதான் என் தப்பு," என்றாள் மீனாச்சி. தமிழ் தடுக்கிய இடங்களில் நின்று, சொல்லைத் தேடி எடுத்து, மேலே போனாள். உயிரணுவுக்குள் இருக்கும் கோலத்தையும், அதன் நகலையும், மூன்றெழுத்துக்கு ஒரு மணி என்பதையும், எழுதியதை மாற்றாமல் கோப்பவனையும், தாய் ஒன்று தந்தை ஒன்று என்று ஒவ்வொருவருக்கும் பிரதி இரண்டு என்பதையும் சொன்னாள். யாரும் குறுக்கிடவில்லை; முக்கால்வாசிப் பேருக்குப் புரியவில்லை என்பதும் அதற்குக் காரணம். "இந்தத் தப்போட நான் இருபத்தஞ்சு வருஷமா நல்லாத்தான் இருக்கேன். ஒரு பிரதி தப்பானா ஒண்ணும் ஆகாது. புள்ளைக்கு நோவு வரணும்னா ரெண்டும் தப்பா வரணும்."

"நம்ம பையனுக்குத்தான் ஒரே கோடாச்சே," என்றார் கலியாணசுந்தரம், பொறுமையாக.

அவள் அட்டையை எடுத்து அவர் முன்னால் தரையில் வைத்தாள். "இது புள்ளையோட தாள். இரத்தம் ஏத்துறதுக்கு முன்னால எடுத்தது. இது என் கோடு. இது பொறக்கிறதுக்கு முன்னால இருக்கிற இரத்தம். அந்தச் சுத்தமான கோடு இதுல எங்க இருக்குன்னு காட்டுங்க, மாமா."

அவர் குனிந்து பார்த்தார். எட்டு வீட்டு மனிதர்களும் கழுத்தை நீட்டினார்கள்.

"தாள்தானே," என்றார் கடைசியில். "கழுவுறப்ப அழிஞ்சிருக்கும்."

"என் கோடு அழியாம, அவர் கோடு மட்டும் அழியுமா?"

பாக்கியலட்சுமியின் மடியில் வெற்றிலைத் தட்டு அசைந்தது. "என்ன சொல்ல வர்றா இவ? எங்க பக்கம் குறைங்கிறாளா?"

"பாதி, மாமி. பாதி என்னோடது, அதை நான் முதல்லயே சொல்லிட்டேன். மீதிப் பாதியும் என் தலைமேலயே வைக்கிறீங்க. அதை மட்டும் தூக்க மாட்டேன்."

ஜெயா மணிச்சரத்தை இன்னும் கையில் வைத்திருந்தாள். "அத்தானுக்கு அது அவங்கம்மாகிட்டேருந்து வந்திருந்தா, அப்பா, அத்தை உங்ககூடப் பொறந்தவங்க. உங்களுக்கும் இருக்கலாம். எனக்கும் இருக்கலாம். ரெண்டு பேருக்குமே சரமே கோக்காத பிரதி இருந்தா, பொறக்கிற புள்ளைக்கு என்ன ஆகும்?"

அந்தக் கேள்வி மீனாச்சியின் நினைவிலும் எழுந்திருக்கவில்லை. வெளியில் பெண் எடுத்தால் கலப்பு என்று அஞ்சி உள்ளேயே எடுப்பவர்கள், ஒரே பிழையை இருபுறமும் வாங்கிக்கொள்ளக்கூடும்.

"உள்ள போ," என்றார் கலியாணசுந்தரம்.

"போறேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கும் போறேன்."

"என்னைக் கூப்பிட்டது எதுக்கோ அதுக்குப் பதில் சொல்லிட்டுப் போறேன்," என்றாள் மீனாச்சி. "ஜெயா கல்யாணத்துக்கு நான் சரின்னு சொல்லல." குழந்தையை வாங்கிக்கொண்டு தாயோடு வெளியேறினாள். கருணாகரன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான், பாதியிலேயே நின்றான்.

திங்கட்கிழமை அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, பரிசோதனைக்கூடத்தில் ஜெயா சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதே வாரம் கருணாகரனும் போனான்; தாயையும் அழைத்துப் போனான். மூவருக்கும் ஒரே கோடு; ஆனால் ருக்மணி நுண்ணோக்கியில் பார்த்தபோது மூவரின் சிவப்பணுக்களும் சிறுத்து வெளிறியிருந்தன. பின்னால் கண்ணுக்குத் தப்பும் அளவில் மங்கிக் கிடந்த இன்னொரு கோட்டையும் அளந்து பார்த்தாள். அது இருக்கவேண்டிய அளவுக்கு இருமடங்காக இருந்தது; சரம் கோக்காத பிரதி ஒன்று மூவரிடமும் இருப்பதற்கு அதுவே அடையாளம். கலியாணசுந்தரம் போகவில்லை. அவருக்கு ஊசி ஒத்துக்கொள்ளாது என்றார்.

ஜெயாவுக்கும் கருணாகரனுக்கும் ஜாதகம் பொருந்தவில்லை என்று அவரே அடுத்த வாரம் அறிவித்தார். முறைப்பெண்ணுக்கு ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லிவந்தவர் அவர்தான்.

கருணாகரன் மாலைதோறும் காஜா பெராங்குக்கு வரத் தொடங்கினான். கோகிலாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான்காம் நாள், "என் பக்கமும் தப்பு இருக்கு, மீனாச்சி," என்றான்.

"தெரியும். உங்களுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும்."

"வீட்டுக்கு வந்திடேன்."

"என்னை எல்லார் முன்னாலயும் அனுப்பினீங்க. தனியா வந்து கூப்பிடுறீங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவனோடு பாக்கியலட்சுமியும் வந்தாள். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, மீனாச்சியின் தாய் கொடுத்த தேத்தண்ணியை மறுக்காமல் குடித்தாள். குழந்தையின் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள்; இரத்தம் ஏற்றிய நிறம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"என்கிட்டேருந்துதான் வந்திருக்கு," என்றாள், கோப்பையைப் பார்த்தபடி. "அந்தப் பொண்ணு ஊசி குத்திப் பார்த்துச் சொல்லிடுச்சு. நான் கொடுத்தது அவனுக்கு, அவன் கொடுத்தது இதுக்கு. எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா."

"கோக்கிறவன் மேல தப்பு இல்ல, மாமி. உங்க மேலயும் இல்ல."

"அப்ப வா. போகலாம்."

"இதை எனக்குச் சொல்லிட்டீங்க. அன்னைக்குக் கூடத்துல எட்டு வீட்டு ஆளுங்க இருந்தாங்க."

பாக்கியலட்சுமி நிமிர்ந்தாள். "எட்டு வீட்டுலயும் ஏறி இறங்கச் சொல்றியா? இந்த வயசுல?"

"கலப்புன்னு சொன்னது எட்டு வீட்டுக்கும் தானாவே போச்சு. இது தானாப் போகாது. யாராச்சும் கொண்டுபோகணும். இவளை நாளைக்குப் பள்ளிக்கூடத்துல எவளாச்சும் கலப்பு இரத்தம்னு சொன்னா, அன்னைக்கு நான் யார்கிட்டப் போய்க் கேக்கிறது? முடியாதுன்னா பரவாயில்ல. இங்கேருந்தும் ஆஸ்பத்திரி நடக்கிற தூரந்தான்."

பாக்கியலட்சுமி தேத்தண்ணியை முடித்தாள். கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். குடையை எடுத்தாள்.

"முதல்ல யார் வீடு?"

"மாமா கடை," என்றாள் மீனாச்சி.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடை நிறைந்திருந்தது. கலியாணசுந்தரம் ஒருவருக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். தங்கையையும், பின்னால் மீனாச்சியையும், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற கருணாகரனையும் பார்த்ததும், "வாங்க வாங்க, வீட்டுக்குப் போங்க, நான் வந்திடுறேன்," என்றார்.

"வீட்டுலதாண்ணே பேசினோம். அதுனாலதான் இவ்வளவும்," என்றாள் பாக்கியலட்சுமி. அதைத் தணிந்த குரலில்தான் சொன்னாள். கருணாகரன் பக்கத்தில் வந்து நின்றான். "கோகிலாவுக்கு நோவு வந்தது பாதி என்னாலதான்," என்று அவன் கடை ஆட்களும் வாங்க வந்தவர்களும் கேட்கும்படி சொன்னான். "எனக்குச் சுத்தமான கோடுன்னு சொன்னது தப்பு. பாதிதான் பார்த்தேன், வந்து சொல்லிட்டேன்."

"அவனுக்குக் கொடுத்தது நான்," என்றாள் பாக்கியலட்சுமி, இப்போது உரக்க. "நம்ம ரத்தம், அண்ணே. உங்க பொண்ணுக்கும் இருக்கு. உங்களுக்கும் இருக்கும், ஊசி குத்திக்கிட்டாத் தெரியும். இந்தப் பொண்ணைக் கலப்புன்னு இனிமே யாரும் சொல்ல வேணாம். சொன்னா என்னையும் சேர்த்துச் சொல்லணும்."

தராசுத்தட்டு ஒரு பக்கமாகத் தாழ்ந்தே நின்றது. வாங்க வந்தவர்களில் ஒருவர், பருப்பு கூடுதலாகப் போகிறது என்று சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, சும்மா இருந்தார். கலியாணசுந்தரம் பருப்பு அள்ளும் கரண்டியைக் கீழே வைத்தார். இருபது ஆண்டுகளில் ஒரு வம்சத்தைப் பற்றிப் பேச்சு வந்து அவர் வாயை மூடிக்கொண்டிருந்தது அதுவே முதல்முறை.

வெளியே வெயில் ஏறியிருந்தது. பாக்கியலட்சுமி குடையை விரித்து, அதன் நிழலில் மருமகளுக்கும் இடம் விட்டாள்.

"ஒண்ணு ஆச்சு," என்றாள். "இன்னும் ஏழு. அடுத்தது யாரு?"